ஜெசிந்தா மேடம் தேர்ந்தெடுத்த கேமரா

செய்தி கம்பெனியின் லேண்ட்லைனில் வந்தது. காலை பத்தேகால் இருக்கும். போன் எடுக்கும் பெண் டீ குடிக்கப் போயிருந்ததால் நான் எடுத்தேன். “ஜெசிந்தா அக்கா தவறிட்டாங்க. காத்தால ஆறு மணிக்குங்க. மஞ்சக்காமாலை முத்திப் போச்சு” என்றது ஒரு பெண் குரல். யார் பேசுவது என்று கேட்டேன். “சரசு” என்றார். நான் யாரென்று சொன்னேன். “உங்களுக்குச் சொல்லோணும்னு நான் கூப்படலீங்க சார். செக்கிங்ல இருக்கற புள்ளைகளுக்குச் சொல்லலாம்னுதானுங்க கூப்பிட்டேன். நீங்க எடுத்துட்டீங்க. சொல்லிருங்க” என்று வைத்துவிட்டார்.

மேடத்தின் தம்பி ஆரோக்கியம் முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சடிக்கிறார். “அக்காகூட ஒண்ணா வேலை செஞ்சிருக்கீங்க. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க” என்று வீடு தேடி வந்து கேட்டார். அவருக்கு விவரம் தெரியாது. தெரிந்திருந்தால் என் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டார். நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு நன்றாகவே வரும். மெர்ச்சண்டைசர் வேலை என்பதே அதுதான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு வருசம் முழுக்க அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை அப்படி எழுத முடியவில்லை. படித்துவிட்டு, போடுவதா கிழித்துப் போடுவதா என்று ஆரோக்கியமே முடிவு செய்யட்டும்.

அவர் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாமளாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, எட்டரைக்கெல்லாம் நல்லூரில் நம் கம்பெனி கேட்டில் நிற்பார். அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்தவர். குடும்பத்தில் முதலில் டிகிரி முடித்தவர் ஜெசிந்தாதான். அவர் பார்த்த வேலைக்குக் காம்ப்ளையன்ஸ் என்று பெயர். நம்மிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா, தீயணைப்புக் கருவி இருக்கிறதா, மெஷின்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்க வருசத்துக்கு ஒரு முறை ஆடிட்டரை அனுப்புவார்கள். அந்தக் கணக்கு வழக்கையெல்லாம் கவனிப்பவர் அவர். டெய்லர்களுக்குக் கையாளாக இருக்கும் கைமடிப் பெண்களுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. “கம்ப்ளைன்ட் மேடம்” என்றார்கள். “அதுதானுங்க பொருத்தம்” என்று அவரே சிரிப்பார்.

கேமரா விவகாரம் இரண்டாயிரத்து ஆறில் தொடங்கியது. கம்பெனியில் இருந்த பழைய கேமராவில் டியூப்லைட் வெளிச்சத்தில் எதை எடுத்தாலும் பச்சை பூத்துத் தெரியும். ஒரு மெரூன் டீ-ஷர்ட்டை அதில் எடுத்து மெயிலில் அனுப்பினேன். அது காப்பிப்பொடிக் கலரில் போய்ச் சேர்ந்து, பையர் குதித்துவிட்டார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் எனக்கு மாமா முறை, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். என்னை வேலையில் சேர்த்தவரும் அவர்தான். “ரெண்டு பேரும் போய் ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாங்க. ஒரே கேமராவுல ஃபோட்டோவும் வரோணும், வீடியோவும் வரோணும். அதுக்கொண்ணு இதுக்கொண்ணுன்னு என்கிட்ட வரப்படாது” என்றார்.

இன்றைக்கு அது பெரிய விஷயமில்லை. அன்றைக்கு, லென்ஸைக் கழற்றி மாட்டுகிற எஸ்.எல்.ஆர். கேமராவில் வீடியோ வராது. ஹேண்டிகேமில் வீடியோ பிரமாதமாக வரும், ஃபோட்டோ கேவலமாக இருக்கும். சட்டைப்பையில் போடுகிற சின்ன கேமராவில் இரண்டும் வரும், இரண்டும் அரைகுறை. நடுவில் ஒரு ரகம் இருந்தது: பார்வைக்கு எஸ்.எல்.ஆர். மாதிரி தடித்த உடம்பு, கழற்ற முடியாத லென்ஸ், பன்னிரண்டு மடங்கு ஜூம். படம் எடுப்பதில் பித்துப் பிடித்தவர்கள், ஆனால் அதைத் தொழிலாகச் செய்யாதவர்கள், வாங்குகிற ரகம். ஜெசிந்தா மேடம் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இண்டர்நெட்டில் உட்கார்ந்து அந்த ரகத்தில் ஐந்து கேமராக்களைப் பற்றி ஒரு நோட்டு நிறைய எழுதினார். கம்பெனிச் சாமானுக்கு இத்தனை பாடா என்று நான் கேலி செய்தேன். “வாங்குனா அஞ்சு வருசம் அதுகூடத்தானுங்க தம்பி குடும்பம் நடத்தோணும்” என்றார்.

கோயமுத்தூரில் மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் கைப்பையிலிருந்து மூன்று துணித் துண்டுகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் பரப்பினார்: ஒரு மெரூன், ஒரு நேவி புளூ, ஒரு வெள்ளை. கடைக்காரர், “கல்யாண ஆர்டர் எடுக்கறீங்களா மேடம்?” என்றார்.

“இல்லீங்க, பனியன் கம்பெனிக்கு. அந்த மஞ்ச லைட்டைக் கொஞ்சம் அணைங்க. எங்க ஊட்டுலயும் கம்பெனிலயும் டியூப்லைட்டுத்தான்.”

“இது ஆறு மெகாபிக்சலுங்க. அது எட்டு. எட்டே எடுத்துக்கலாமே?”

“பிக்சல் கிடக்கட்டுங்க. மெரூன் மெரூனா வருதா, அதைச் சொல்லுங்க.”

எட்டில் வரவில்லை. ஆறில் வந்தது. அதுவும் வெள்ளைத் துண்டைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்த பிறகுதான். அடுத்து வீடியோ. அந்த நாளில் பாதிக் கேமராக்களில் வீடியோ ஓடும்போது ஜூம் வேலை செய்யாது. இதில் செய்தது. என்னைக் கடை வாசலில் நிற்க வைத்து ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொன்னார். தெருவில் போனவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். திரும்பப் போட்டுக் கேட்டால் என் குரலோடு லென்ஸ் மோட்டாரும் கர்ரென்று கேட்டது. “பரவால்லீங்க, எங்க மெஷின் சத்தத்துல இதெல்லாம் அமுங்கிப் போகும்” என்றார். நாலு பென்சில் செல் போட்டால் ஓடும், செல் நல்லூர் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும் என்பதும் அவருக்குப் பிடித்திருந்தது. கடைசியாக, “ஃபோட்டோ மேலயே தேதி விழுமுங்களா?” என்று கேட்டார். விழும், ஆனால் படத்தின் அழகு கெட்டுவிடும் என்று யாரும் அதைப் போடுவதில்லை என்றார் கடைக்காரர். “அழகுக்கு வேற ஆளு இருக்காங்க. எங்களுக்குத் தேதி வேணுமுங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஏன் தேதிக்கு இத்தனை பிடிவாதம் என்று கேட்டேன். “இது எப்ப எடுத்ததுன்னு யாராச்சும் கேட்டா, நாம வாயைத் தொறக்கக் கூடாதுங்க தம்பி. படமே சொல்லோணும்” என்றார்.

ஒரு வருசம் அந்தக் கேமரா அவர் கழுத்திலேயே தொங்கியது. அடைத்துக் கிடந்த வழி, எரியாத விளக்கு, மூடியில்லாத சுவிட்ச் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து, தேதியோடு அச்சடித்து மாமாவின் மேசையில் வைப்பார். பாதி சரியாகும், பாதி ஆகாது. தொழிலாளர்களின் ஈ.எஸ்.ஐ. கார்டுக்கு அவர்தான் படம் எடுத்தார். ஸ்டூடியோக்காரர் எடுத்தால் பிணம் மாதிரி விறைத்து உட்காருகிற பெண்கள் அவர் எடுத்தால் சிரித்தார்கள். சாயம் போன சட்டை போட்டு வந்தவர்களுக்கு நல்ல சட்டை ஒன்று ஸ்டோரிலிருந்து வாங்கி மாட்டி விடுவார். கேமரா என் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. சாயங்காலம் என்னிடம் கொடுத்துவிட்டுக் காலையில் வாங்கிக்கொள்வார். அது ஒன்றுதான் நான் செய்த வேலை.

பிறகு அந்த ஆடிட் வந்தது. பத்து நாள் முன்னால்தான் மாமாவுக்கு ஞாபகம் வந்தது: மூன்று மாதத்துக்கு ஒரு முறை தீ ஒத்திகை நடத்திப் படம் வைத்திருக்க வேண்டும். ஒன்றுகூட நடக்கவில்லை. “இன்னிக்கு மத்தியானமே நாலும் நடத்திப் போடுங்க” என்றார். திருப்பூரில் சட்டைக்கா பஞ்சம்? ஸ்டோரில் மிச்சம் கிடந்த டீ-ஷர்ட்டுகளை மூட்டையோடு கொண்டுவந்தோம். முதல் ஒத்திகைக்கு நீலம், அடுத்ததற்குச் சிவப்பு, பிறகு சாம்பல், கடைசியில் மஞ்சள். ஒவ்வொரு முறையும் எல்லோரும் சேலைக்கு மேல் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் நான் கேமராவில் தேதியை மாற்றினேன். இரண்டு பட்டனை அழுத்தினால் போதும், மூன்று மாதம் பின்னால் போய்விடலாம். படம் எடுத்தவர் மேடம்தான். அன்று அவர் மறுக்கவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை.

செக்கிங் கலாமணிக்கு அப்போது எட்டு மாதம். நாலு படத்திலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். செப்டம்பரில் எட்டு மாதம், டிசம்பரில் எட்டு மாதம், மார்ச்சில் எட்டு மாதம், ஜூனில் எட்டு மாதம். சட்டையை மாற்றிய எங்களுக்கு வயிற்றை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. ஆடிட்டர் பக்கத்தைப் புரட்டினார், டிக் அடித்தார், அடுத்த ஃபைலைக் கேட்டார். அவர் போன பிறகு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஜெசிந்தா மேடம் சிரிக்கவில்லை. “நாலு படத்தை மட்டும் கெடுத்தோம்னு நினைக்காதீங்க தம்பி. இனிமே எடுக்கப் போற அத்தனை படத்தையும் சேத்துக் கெடுத்துட்டோம்” என்றார். ஃபைலுக்குத்தானே மேடம் என்று நான் சமாதானம் சொன்னேன். எனக்கு அந்தச் சாமர்த்தியத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஒன்று அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் பிரஸ் பட்டன் அடிக்கும் மெஷினுக்கு முன்னால் விரல் உள்ளே போகாமல் ஒரு தடுப்பு உண்டு, கார்டு என்போம். கார்டு இருந்தால் கை மெதுவாகிறது, பீஸ் குறைகிறது என்று மாமா அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தவர்தான் சரசு. மேடம் கேமராவை என்னிடம் நீட்டி, “தேதி சரியா இருக்கான்னு நீங்களே ஒருக்காப் பாருங்க” என்றார். என் செல்போனோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்றேன். முதலில் தேதி விழும்படி ஒரு ஃபோட்டோ, பிறகு அரை நிமிடம் வீடியோ எடுத்தார். ஃபோட்டோ போதாதா என்றேன். “ஃபோட்டோவுல மெஷின் நின்னுட்டிருந்துச்சும்பாங்க. ஓடுறது தெரியோணுமுங்க” என்றார். இரண்டையும் மாமாவிடம் காட்டினார். “ஷிப்மெண்ட் போகட்டும்மா, மாட்டிக்கலாம்” என்று அவர் அனுப்பிவிட்டார்.

எட்டாம் நாள் சரசுவின் வலது கை ஆள்காட்டி விரல் அந்த மெஷினில் நசுங்கியது. இரண்டு கணு போய்விட்டது. மேடம்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு ஓடினார். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் வந்து கார்டை மாட்டினார். மெஷினைத் துடைத்தார்கள். மாமா என் தோளில் கை வைத்து, “மாப்ளே, ஜெசிந்தா எடுத்த அன்னிக்குத் தேதியே வெச்சு ஒரு படம் எடுத்துரு. பையர்காரன் கேட்டா வேணும்” என்றார். எடுத்தேன். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக ஒரு எண் கொடுக்கும். தேதியை மாற்றினாலும் அந்த எண் காட்டிக் கொடுத்துவிடும். மேடத்தோடு சுற்றியதில் அது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் படத்தைக் கணினியில் ஏற்றி, எண்ணை அழித்து வேறு பெயர் வைத்தேன். ஒழுங்காக, பொறுமையாகச் செய்தேன்.

கார்டைச் சரசுவே கழற்றிவிட்டார் என்று கம்பெனி சொன்னது. அவர் கழற்றியிருந்தால் தப்பு அவர்மேல், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கம்பெனி கழற்றியிருந்தால் அவருடைய சிகிச்சையும் வேலையும் கம்பெனியின் பொறுப்பு. மேடம் யாரிடமும் சொல்லாமல் பையருக்கு எழுதிவிட்டார். சென்னையிலிருந்து அவர்களுடைய ஆள் ஒருவர் விசாரிக்க வந்தார். மேசைமேல் இரண்டு படங்கள்: கார்டு இல்லாத மெஷின் ஒன்று, கார்டு உள்ள மெஷின் ஒன்று, இரண்டிலும் விபத்துக்கு எட்டு நாள் முந்தைய அதே தேதி. சரசு கையில் பெரிய கட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“இந்தக் கேமராவுல தேதியை மாத்த முடியுமா மேடம்?” என்று வந்தவர் கேட்டார்.

“முடியுமுங்க.”

“மாத்தியிருக்கீங்களா?”

முடியாது, மாற்றியதில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அவர் படம் நின்றிருக்கும். “மாத்தியிருக்கோமுங்க” என்றார். “இந்தப் படத்துக்கு மாத்தலீங்க. ஃபயர் டிரில் படத்துக்கு மாத்தியிருக்கோம்.”

வந்தவர் என் பக்கம் திரும்பினார். “கேமரா உங்க பொறுப்புலதானே இருக்கு. இந்த ரெண்டுல எந்தப் படத்தோட தேதி சரி?”

மாமா பேனாவை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தார். என் தங்கைக்கு அவர்தான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். இது காரணமில்லை, சும்மா சொல்கிறேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை. சரசு பார்த்தார்.

“ஞாபகம் இல்லீங்க சார்” என்றேன்.

இரண்டு படத்தையும் நம்ப முடியாது என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். வெளியே வந்தபோது மேடம் தன் பாட்டிலை என்னிடம் நீட்டினார். “தண்ணி குடிங்க தம்பி. வேர்த்துப் போச்சு உங்களுக்கு” என்றார். குடித்தேன். அந்த வாரமே அவரிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். சரசுவை அடுத்த மாதம் நிறுத்தினார்கள்.

திருப்பூரில் முதலாளிகள் போனில் பேசிக்கொள்வார்கள். மேடம் இன்டர்வியூவுக்குப் போன இடத்திலெல்லாம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் சோமனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். போன வருசம் ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனேன். கையில் எதற்கோ ஒரு காகிதம் வைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் சாதாரணமாகப் பேசினார். “இப்ப எஸ்.எல்.ஆர்.லயே வீடியோ வருதாமா? பாத்தீங்களா? நம்ம காலத்துல வந்திருந்தா அந்த மோட்டார் சத்தம் இருந்திருக்காது” என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். “எதாச்சும் சொல்லோணும்னு வந்தீங்களா, ஜெராக்ஸ் எடுக்க வந்தீங்களா?” என்று கேட்டார்.

“ஜெராக்ஸ்தானுங்க” என்றேன். எடுத்துக் கொடுத்தார்.

அடக்கத்துக்குப் புறப்பட்டபோது மாமா கூப்பிட்டு, “மாலை பெருசா ஒண்ணு வாங்கிக்கோ. நேர்மையான பொம்பள. அப்படி ஒருத்தரை இனிமே பாக்க முடியாது” என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த மாலையைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். அங்கே வந்திருந்த கம்பெனிக்காரர்களும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். நேர்மை, நேர்மை. வேலை கேட்டு மேடம் வந்து நின்றபோது இவர்களில் மூன்று பேர் கதவைச் சாத்தியவர்கள். வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தவர் சரசு. என் முறை வந்ததும் தட்டோடு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நியாயம்தான்.

மேடத்திடமிருந்து எனக்கென்று என்ன வைத்துக்கொள்வது என்று யோசித்துப் பார்த்தேன். கேமரா கெட்டுப்போய்க் கழிவோடு போய்விட்டது. அதிலிருந்த அந்த வீடியோவை விசாரணைக்கு முன்பே மாமா சொல்லி நானே அழித்தேன். மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல்: மாத்தியிருக்கோமுங்க. பட்டனை அழுத்தியது என் விரல். “இவருதான் மாத்தினாரு” என்று கையைக் காட்டியிருக்கலாம். சரசுவுக்காகவாவது காட்டியிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு அவர்மேல் இன்னும் இருக்கிறது. அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டு பன்மையில் சொன்னார். நானே வாய் திறப்பேன் என்று நினைத்திருப்பார். நான் அந்தப் பன்மைக்குள் பதுங்கிக்கொண்டேன். மூன்று வருசமாக அங்கேதான் இருக்கிறேன்.

ஆரோக்கியம், உங்கள் அக்காவைப் பற்றி நல்லதாக எழுதத் தெரிந்த மற்றவர்கள் இருக்கிறார்கள். என் பக்கத்தைச் சரசுவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரசுவதி, கார்டு மாட்டிய படம் உங்கள் விரல் போன அன்று சாயங்காலம் எடுத்தது. மேடம் எடுத்த படம் அதற்கு எட்டு நாள் முன்னால் எடுத்தது. அதன் தேதி சரி. நீங்கள் கார்டைக் கழற்றவில்லை. இதை யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டுங்கள். கூப்பிட்டால் நான் வந்து சொல்கிறேன். தேதியை நாங்கள் மாற்றவில்லை. நான் மாற்றினேன்.